வினைமுற்று

பக்கவாதம் வந்த ஞானப்பிரகாசத்துக்குத் தொண்டையில் வைத்த சிப்தான் இப்போது பேச்சு. அதில் ஓடும் நிரலை எழுதியவள் தில்லைக்கரசி. அவளை வேலையைவிட்டுத் துரத்திவிட்டு, அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் அவர். இன்று பேச்சு திக்கியதும், அவள் சிப் பழுதுபார்க்கும் மருத்துவமனைக்கே வந்து உட்கார்ந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“ஏம்மா, இந்த சிப்புக்குத்தான் நாளைக்கு எனக்கு விருது. மேடையில பேசணும், சீக்கிரம் பாரு.”

“நல்லாப் பேசுவீங்க சார்.”

நிரலின் பிழை பார்க்கும் டிபக்கரில் சிப்பின் வகையையும் அதன் இயங்குதளத்தையும் பொருத்தி, திக்கலைச் சரிசெய்தாள். பிறகு, ‘நான்’ என்ற சொல்லில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்தாள்; அங்கே வந்ததும் பேச்சு நின்றுவிடும். அது போதாது, தமிழில் நான் என்று சொல்லாமலே பீற்றிக்கொள்ளலாம். ‘எழுதினேன்’, ‘செய்தேன்’ எல்லாவற்றின் வாலிலும் இருக்கும் ‘ஏன்’ விகுதி மீதும் ஒன்று வைத்தாள்.

மறுநாள் நேரலையில், “இதை ராப்பகலா உட்கார்ந்து எழுதுன...” என்றவரின் பேச்சு அறுந்தது. “இதை எழுதுனது...” மறுபடியும் அறுந்தது.

“யாரு சார் எழுதுனது?” என்றார் தொகுப்பாளர்.

உண்மையைச் சொல்லித் தொலைக்கலாமென்றால் அவள் பெயர் நினைவில்லை. “மறந்துட்ட...” அதற்கும் அதே வால்தான்.

அரங்கமே அவருடைய திறந்த வாயைப் பார்த்தது. வீட்டில் தில்லைக்கரசி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.