பாடு இல்லாத நாள்

"இன்னா தொரை, எறா வறுத்து வெச்சி எம்மா நேரமாச்சி. சாவு வூட்ல குந்தினாப்ல குந்திகினு கீறீங்களே."

மாரி இப்படிக் கேட்ட பிறகும் ஹெண்டிரிக் தட்டைத் தொடவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒல்லாந்துக்காரர்களின் கோட்டைக் கொடி பறந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கோட்டை வைத்தியர். சிப்பாய்களைப் பார்த்த நேரம் போக, தினமும் காலையில் கோட்டை வாசலில் உட்கார்ந்து மீனவ ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கும் மருந்து கொடுப்பார். நாலு வருடமாக அதை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. போன வாரம் சுரத்தோடும் வாசலில் வந்து உட்கார்ந்தவரை நேற்று மேலதிகாரி கூப்பிட்டு, "மூன்று நாளைக்குக் கோட்டைப் பக்கமே தலைகாட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார். படகோட்டி மாரிதான் தன் ஊரான தோணிரேவுக்கு அழைத்து வந்திருந்தான். வந்து அரை நாள்கூட ஆகவில்லை.

"இந்நேரம் ஆறு பேராவது வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க" என்றார் ஹெண்டிரிக். அவர் தமிழ் கற்றதே இவர்களிடம்தான். பேச்சும் அப்படியே வந்தது. "ஜெயம்மாவுக்கு இடுப்பு நோவு. செங்கல்வராயனுக்கு மூச்சு எரைக்குது. நான் இங்க எறா துன்னுகினு கீறேன்."

"மூணு நாளு தாங்க மாட்டாங்களா?"

"நோவு சொல்லிட்டா வருது? என்னைப் பெத்தவளுக்குக் காயிதம் எழுதணும் மாரி. எட்டு மாசம் கப்பல்ல போய்ச் சேரும். அதுல இன்னான்னு எழுதுவேன்? ஊழியம் பண்ணப் போன இடத்துல ஏரிக்கரைல குந்தி நாரை பாத்தேன்னா?"

"எழுதுங்களேன். எங்க நாரை நல்லாத்தான் இருக்கும்."

ஹெண்டிரிக் சிரிக்கவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகளின் நிழலில் பத்துப் பதினைந்து ஆண்கள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது உச்சிக்குக்கூட வரவில்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது.

"இவங்களுக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருது?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல, அதான்."

"பாடு இல்லியா? தினம் படாத பாடு படறோம்னு நீதானே சொல்வே?"

"அந்தப் பாடு வேற தொரை. அது தெனிக்கும் கீது." மாரி ஏரியைக் காட்டினான். "எறா விழற எடம் கொஞ்சந்தான். எல்லாரும் ஒரே நாள்ல வலையத் தூக்கிக்கினு போனா மண்டைதான் ஒடையும். அதனால சீட்டுப் போட்டு, இந்த நாளு இந்த ஊருன்னு பிரிச்சி வெச்சிக்கினு கீறோம். அதுதான் பாடு. நம்ப பாடு இல்லாத நாள்ல வலை போட்டா அது ஒழைப்பு இல்ல. திருட்டு."

ஹெண்டிரிக் படகு நிழலில் படுத்திருந்தவர்களை மறுபடி பார்த்தார்.

"நல்ல வழக்கம்தான். நீங்க படுத்தா உங்களுக்குப் பதிலா வேற ஊர்க்காரன் வலை போடுவான். நான் படுத்தா, எனக்குப் பதிலா யார் கீறாங்க?"

மாரி தலையைச் சொறிந்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி லோகநாயகி தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தண்ணீர்க் குடங்களோடு விறுவிறுவென்று வந்தாள். நாலு வருடமாக ஹெண்டிரிக்கிடம் மருந்து வாங்குகிறவள்.

"வவுத்து நோவு எப்படி இருக்குதும்மா?" என்று கேட்டார்.

லோகநாயகி சட்டென்று நின்றாள். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கீது தொரை. இப்பக்கூட லேசா ஒரு பக்கமா இஸ்துக்கினு போவுது" என்று முனகிவிட்டு மெல்ல நடந்து குடிசைக்குள் போனாள்.

ஹெண்டிரிக்கின் முகம் சுருங்கிவிட்டது.

"பாத்தியா? நோவோட தண்ணி தூக்குது அந்தம்மா. எனக்கு மட்டும் ஓய்வா? மாரி, நாளைக்குக் காலைல என்னைக் கோட்டைல கொண்டுபோய் வுட்டுடு."

"நாளைக்கா?" மாரியின் குரல் இறங்கியது. "நாளைக்கு புதன்கிழமை தொரை."

"புதன்கிழமைன்னா யாருக்கும் நோவு வராதா?"

மாரி எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குடிசைக்குள் போனான்.

ஹெண்டிரிக்குக்கு அப்போதுதான் மனம் கொஞ்சம் இலேசானது. சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வயிற்றுவலித் தூள் இருந்தது நினைவுக்கு வந்தது. நாளை வரைக்கும் எதற்கு, இப்போதே கொடுத்துவிடலாம் என்று எழுந்து போனார். ஓலைத் தட்டிக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

"நாளைக்கே கெளம்பறாராம்டி."

"நாளைக்கு நம்ப ஊரு பாடாச்சே. இந்த வாரம் தப்பிச்சோம்னு இருந்தேன். நோவே இல்லாத ஒடம்புக்கு நான் இன்னும் எத்தினி வருசம் மருந்து துன்றது? அந்தத் தூளைத் துன்னு நாக்கே செத்துப்பூடுச்சி. இந்தத் தபா ராஜவேலு பொண்டாட்டி போவட்டும்."

"மெதுவா பேசு. ஏழு ஊரும் கூடி, நாளுக்கு ஒரு ஊரு, ஊருக்கு ஆறு பேருன்னு போட்ட சீட்டு. உன் இஷ்டத்துக்கு மாத்த முடியுமா?"

"ஒரு நாளு ஒருத்தரும் போவலன்னா இன்னா ஆயிடும்?"

"வந்த புதுசுல மறந்துட்டியா? ஒரு ஆளுகூட மருந்துக்குப் போவாம, மனுசன் சோறு தண்ணி எறங்காம, தன் ஊரு நெனப்புல கடலப் பாத்து அழுதுகினு கெடந்தாரே. நாம போவலன்னா அவருக்கு யாருடி வைத்தியம் பாக்கறது?"