முன்னால் போன பெட்டி

ஒரு மாதம் தீவில் தங்கிவருவதாக ஏற்பாடு. கிளம்பும் நாளில் சூலம் என்பதால், குமுதவல்லி நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை மட்டும் முன்கூட்டியே எதிர்வீட்டு பிலோமினாவிடம் பரஸ்தானம் வைத்தாள். பெட்டி வாசல் தாண்டிவிட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி.

மறுநாள் கணவர், "லீவு கெடைக்கல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். போன வருஷமும் இதைத்தான் சொன்னார். அவள் பெட்டியைத் திரும்ப எடுத்துவரப் போனாள்.

"வச்ச எடத்துலயேதான் இருக்குக்கா. யாரும் தொடல," என்றாள் பிலோமினா.

பெட்டியின் சக்கரங்களில் ஈரமணல் அப்பியிருந்தது. கைப்பிடியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. குனிந்து காது கொடுத்தாள். உள்ளே அலை ஒன்று வந்து, மெல்லத் திரும்பிப் போனது.

"எடுத்துட்டுப் போகலயாக்கா?"

குமுதவல்லி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அலைக்காக நின்றாள்.