ரெண்டு கோட்டு சிவப்பு

ரேஷன் கடையிலிருந்து திரும்பிய ஆண்டாள், கூடத்துச் சுவரில் ரத்தம் வழிவதைப் பார்த்துப் பையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"கத்தாதக்கா, இது மொத கோட்டுதான். காஞ்சா இன்னும் நல்லா செவக்கும்" என்று ஏணிமேல் நின்ற பெயிண்டர் தைரியம் சொன்னார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அவள் கணவர் ராஜாங்கம் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா பாப்பா, வூட்ட கறிக்கட மாரி பண்ணி வச்சிக்கீற? ஒரு தராசும் தொங்கவுட்டா நாளைக்கே யாவாரம் பாக்கலாம்."

"இதாம்பா இப்ப ஃபேஷன்" என்றாள் மகள் எழில்மதி.

ராஜாங்கம் தானே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் வேணாம், மேல படிக்கணும்" என்று இரண்டு வாரமாகச் சோறு தின்னாமல் அடம்பிடித்த மகள், முந்தாநாள்தான் மனம் மாறியிருந்தாள். 'மாப்பிள்ளை வூட்ட வரச்சொல்லு, ஆனா கூடத்துக்கு நான் சொல்ற கலருதான்' என்பது அவள் நிபந்தனை. ஒரு டப்பா பெயிண்டுக்கு வழிக்கு வரும் மகள் கச்சிராயபாளையத்தில் வேறு யாருக்கு வாய்ப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னசேலத்திலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா காசியம்மாள் ஒரு காலை உள்ளே வைத்தார். மறு கால் வெளியிலேயே நின்றுவிட்டது.

"இன்னாங்க இது, வூடா இல்ல செவ்வாக் கெரகமா?" நெற்றியில் சுவரைவிடச் சிவப்பாக, ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்த அந்த அம்மாள் அலறினார். "செவப்பு வூட்ல பொண்ணெடுத்தா எம்புள்ள உசுருக்கே ஆவாதுன்னு ஜோசியரு சொல்லிக்கீறாரு!"

ராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "நாளைக்கே வெள்ள அடிச்சிட்றேங்க, சம்பந்தி."

"அடிச்சா? உள்ள இருக்கறது செவப்புதானங்க?"

இந்தத் தத்துவம் ராஜாங்கத்துக்குப் புரிவதற்குள் அந்த அம்மாள் காருக்குத் திரும்பிவிட்டார். முப்பது வயது மாப்பிள்ளை வெற்றிவேல், அம்மா சொல்லைத் தட்டாத தங்கப் பிள்ளை. அம்மா தொண்டையைச் செருமியதுமே தலையைக் குனிந்துகொண்டு காரைக் கிளப்பினான். வந்தவர்கள் நான்கே நிமிடத்தில் போய்விட்டார்கள். ஆண்டாள் கிண்டிய கேசரிதான் ஒரு சட்டி நிறைய மிச்சம்.

ராஜாங்கம் மகள் பக்கம் திரும்பினார். "ஃபேஷனாம், ஃபேஷனு! விஷயம் ஊரெல்லாம் பரவிடும். இனிமே எவன் பொண்ணு கேட்டு வருவான்? வூட்ல சும்மா குந்திகினு இருக்கறதுக்கு, போயி படிச்சித் தொல!"

எழில்மதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. மகள் மனசு உடைந்துபோயிருப்பாள் என்று நினைத்தாள் ஆண்டாள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு, ஆறுதல் சொல்லத் தேடிப் போனாள்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எழில்மதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அழுகிற குரலாகத் தெரியவில்லை.

"ஆமாங்க, படிக்கச் சொல்லிட்டாரு. நீங்களும் இனிமே நீங்க விரும்புற பொண்ணையே கட்டிக்குங்க. உங்க அம்மாவுக்கு எந்தக் கலரு ஆவாதுன்னு சொல்லிக் குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க, வெற்றிவேல்!"