நேவிகேட்டர் மாப்பிள்ளை

சிங்கப்பூர் ஆகாயப் படையில் நேவிகேட்டரான சஞ்சீவன், பெண் பார்ப்பதற்காகக் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடு ஒன்றின் மணியை அழுத்தினான். அம்மா தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வாங்க தம்பி, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்றார் வீட்டுக்காரர்.

அவர் மகள் பவித்ரா காப்பி கொண்டுவந்தாள். பார்த்ததுமே சஞ்சீவன் சொக்கிப் போனான்.

"நேவிகேட்டர்னா என்ன வேலை?" என்று கேட்டாள்.

"பைலட்டுக்கு வழி சொல்றது. எங்க இருக்கோம்னு ரெண்டு தடவை செக் பண்ணாம வாயே திறக்கக் கூடாது. அதுதான் சேஃப்டி ரூல்."

"வழி தப்பினதே இல்லையா?"

"எனக்கா? ஒரு தடவைகூட இல்ல."

வீட்டுக்காரர் குறுக்கிட்டார். "பிடிச்சிருக்கா தம்பி? ஏற்கெனவே ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயிருக்காங்க."

"ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள். இப்பவே முடிச்சிடலாம்!"

அப்போது அம்மா கைப்பேசியில் அழைத்தார். "எங்கடா போயிட்டே? பொண்ணு வீட்டுல எல்லாரும் உனக்காகக் காத்திருக்கோம்!"

சஞ்சீவனுக்கு வேர்த்துவிட்டது. "அங்கிள்... எது பிடிச்சிருக்கான்னு கேட்டீங்க?"

"இந்த வீடுதான். விக்கிறோம்னு விளம்பரம் பார்த்துத்தானே வந்தீங்க?"

பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சஞ்சீவன் அவளையே பார்த்தான்.

"வீட்டை மட்டும் வேற யாருக்காவது வித்துடுங்க அங்கிள்," என்றான்.