எருமை கட்டிய பாலம்

ஓடைக்குப் பாலம் கட்ட டெண்டர் விட்டார்கள். தூக்கணாங்குருவி தன் விலையை எழுதிக்கொண்டு வந்தது. டெண்டர் பெட்டியை மறைத்துக்கொண்டு எருமை படுத்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க."

"கால் வலிம்மா. பெட்டியை மூடினதும் எந்திரிச்சிடறேன்."

கால் வலியாம்!

பெட்டியைத் திறந்த ஓணான் அதிகாரி, "ஒரே டெண்டர்தான் வந்திருக்கு. வேலை எருமைக்கே" என்று தலையாட்டினார்.

முதல் மழையிலேயே பாலம் போனது. அதன்மேல் நடந்துகொண்டிருந்த இரண்டு முயல்குட்டிகளும் போயின.

மறுபடியும் டெண்டர். இந்தமுறை பெட்டியை யாரும் மறைக்கவில்லை. குருவி ஆசையாகப் பறந்து வந்தது. ஓணான் தடுத்தார்.

"இந்த ஓடையில ஏற்கெனவே பாலம் கட்டின அனுபவம் இருக்கா?"

"ஐயா, எருமை கட்டின பாலம்தானே ரெண்டு உயிரைக் குடிச்சது!" என்று குருவி கத்தியது.

ஓணான் தலையாட்டினார். "கட்டியிருக்கணும்னுதாம்மா நிபந்தனை. நிக்கணும்னு இல்லையே."