சாம்பல் வளையம்

“நான் ஊர்ல இல்லாதப்ப என்ன பண்ணுவே, ஜெல்மா?” என்று போன தடவை கிளம்பும்போது ஆர்வில் மனைவியிடம் கேட்டான். “குறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்குவேன். மெதுவாவே வா” என்றாள் அவள். அதை நினைத்துச் சிரித்தபடியே, தன் இசைக்குழுவின் இசைத்தட்டைக் கிராமபோனில் வைக்கிறான். கான்சாஸ் சிட்டியின் மாலை வெயில் அதன்மேல் சாய்ந்து விழுகிறது. பளபளக்கும் கறுப்பின் நடுவே, சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் சாம்பலாய் வெளுத்திருக்கிறது. ஊசியை இறக்குகிறான். பதினாறு பேர் வாசிக்கும் பாட்டு தெளிவாக ஓடி வந்து, அந்த வளையத்தில் மட்டும் கரகரக்கிறது. அவனுடைய டிரம்பெட் தனியாக ஒலிக்கும் இருபது விநாடிகள் அவை. அவன் ஊரில் இல்லாத நாட்களில் எத்தனை நூறு முறை ஊசியைத் தூக்கி அங்கேயே வைத்துத் தேய்த்திருப்பாள் ஜெல்மா! தெருவில் குழுவின் பேருந்து ஹாரன் அடிக்கிறது. பெட்டியில் வைக்க மடித்த சட்டையை மார்போடு அணைத்தபடி ஜெல்மா நிற்கிறாள். “கரகரங்குது, இல்ல?” என்கிறாள். “என் வாசிப்பே அப்படித்தானே!” என்கிறான். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டுவிடுகிறாள். “இந்தத் தடவை போகாதே, ஆர்வில்.”