தாமதமாக வந்தவர்

மாடிப்படி ஏறும்போதே டீச்சருக்கு வயிறு எரிந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கால் முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த நாளெல்லாம் அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தான் இல்லாமல் அந்த வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட வேண்டும். ஹெட்மாஸ்டர் போன் பண்ணி, எப்பம்மா வருவீங்க என்று கெஞ்ச வேண்டும்.

போன் வரவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் நலம் விசாரிக்க வந்தாள். குண்டூசி விழுந்தாலும் கேட்குமாக்கும் உன் வகுப்பில் என்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கால்வலியாவது மாத்திரைக்கு அடங்கியது.

சும்மா வந்ததா அந்த அமைதி? பையை வலப்பக்கம் வை. வந்ததும் தேதி போடு. மணி அடித்தால் பலகையில் இருக்கும் கணக்கைத் தொடங்கு, யாரும் சொல்லக் காத்திருக்காதே. தப்பானால் அழாதே, மறுபடி போடு. தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் வாசலில் நில், லீடர் கூப்பிட்டால்தான் உள்ளே. உங்களால் முடியும், எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது.

உழுதவள் ஒருத்தி, அறுக்கிறவள் இன்னொருத்தி.

தனக்குப் பதிலாக வந்திருக்கும் அந்த இன்னொருத்திக்குச் சின்ன வயசாகத்தான் இருக்கும். சிரித்த முகமாக இருப்பாள். அதட்டவே தெரியாது. பிள்ளைகள் இந்நேரம் மிஸ் மிஸ் என்று அவளையே சுற்றி வரும். வரட்டும், பெற்ற பிள்ளைகளா என்ன.

கைத்தடியை ஊன்றி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். குனிந்த தலைகள். வலப்பக்கம் பைகள். பலகையில் இன்றைய தேதி, அதன் கீழே கணக்கு. நாற்காலியை மட்டும் அலமாரி மறைத்தது.

ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டுவிட்டாள் பாவி என்று நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது.

அவள் முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று வாசலுக்குப் போனாள்.

நாற்காலி காலியாக இருந்தது. வகுப்பில் பெரியவர்கள் யாருமே இல்லை.

லீடர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. ஆனால் ஓடி வரவில்லை. அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பாதியில் இருந்த கணக்கை முடிக்கக் குனிந்துகொண்டாள்.

மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. டீச்சர் நின்றாள். கால் விண்விண் என்று தெறித்தது. தான் போட்ட சட்டம், யாரை நோவது.

கணக்கை முடித்துவிட்டுத்தான் அந்தப் பெண் வந்தாள். புது மிஸ் எங்கே என்று டீச்சர் ரகசியம் போலக் கேட்டாள்.

"மூணு பேர் வந்தாங்க டீச்சர். அது எங்க டீச்சர் நாற்காலின்னு சொல்லி யாரையும் உக்கார விடல. நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. பலகையில கணக்கை நாங்களே எழுதிப் போட்டுக்கிறோம். உள்ள வாங்க."

ஐயோ பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

வந்தவர்களை இப்படியா நடத்துவது என்று கண்டிக்க வேண்டும். மொத்த வகுப்பும் பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாளைக்குக் கண்டித்துக்கொள்ளலாம் என்று தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, போய் உட்கார்ந்தாள்.